பதினெட்டுத் திங்கட்கிழமைகள்

பொய்யாக ரத்த அழுத்தம் எழுதுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும். வாராவாரம் 120/80 என்று எழுதுகிறவன் முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்வான். ஒரு வாரம் 118/76, அடுத்த வாரம் 122/80, தேர்வு நெருங்கும்போது ஒரு 126/82 என்று ஏற்றி இறக்கி எழுத வேண்டும். முக்கியமாக ஒற்றைப்படை எண் வரவே கூடாது. எங்கள் ஆய்வுக்கூடத்துப் பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் ஏறும். 117 என்று எழுதினால், கருவியைத் தொடவே இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. எங்கள் வகுப்பில் ஆறு பேர் அப்படித்தான் பிடிபட்டார்கள். நான் பிடிபடவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

நான் படித்தது இயன்முறை மருத்துவம், அப்போது இரண்டாம் ஆண்டு. எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பேன் என்பதால் வகுப்பில் எனக்கு வக்கீல் என்று பெயர். என் அறைத்தோழிக்கு ஸ்பிரிங் என்று பெயர். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். படிக்கும்போதுகூட உட்கார மாட்டாள். புத்தகத்தைக் கையில் விரித்துக்கொண்டு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். வகுப்பில் யாராவது முன்னால் வந்து படுத்துக் கையைக் காலை மடக்கிக் காட்ட வேண்டும் என்றால் முதலில் எழுவது அவள்தான். ஆரோக்கியமான உடம்பு எப்படி அசையும் என்று ஆசிரியர்கள் எங்களுக்குக் காட்டியது அவள் உடம்பை வைத்துத்தான்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று எங்கள் உடல்நலத்தின் மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. எட்டு மணி நேரம் தூங்குங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று சுவர் முழுக்க ஒட்டினார்கள். ஒட்டிய அதே வாரத்தில் நான்கு கட்டுரைகளுக்குக் கெடு வைத்தார்கள். அதோடு எங்கள் துறைக்கு மட்டும் நலப் பதிவேடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரிந்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய வகுப்பில் ஒருவருக்கொருவர் எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்து எழுத வேண்டும். பதினெட்டு வாரம். லேப் மேடம் கையெழுத்துப் போடுவார். பதிவேடு இல்லாமல் செய்முறைத் தேர்வு எழுத முடியாது.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். அதன் கூடவே ஒரு விதி இருந்தது. அளவு அதிகமாக இருந்தால் பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அதிகமென்றால் இன்னும் பத்து நிமிடம். அப்புறம் ஒரு படிவம், அப்புறம் மருத்துவ அறை. எங்களுக்குச் சாப்பாட்டு இடைவேளையே நாற்பது நிமிடம், அதில் கேன்டீன் வரிசையே பாதியை விழுங்கிவிடும். ஆகவே யாருக்கும் அளவு அதிகமாகவில்லை. நூற்றுப் பத்து மாணவர்களில் ஒருவருக்குக்கூட உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியே எல்லோரையும் ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

முதல் இரண்டு வாரம் எனக்குத் தட்டல் சத்தமே பிடிபடவில்லை, பக்கத்து ஜோடியின் எண்களைக் கொஞ்சம் மாற்றி எழுதினேன். மூன்றாவது திங்கட்கிழமை அவள் கையில் பட்டையைச் சுற்றி, பந்தை அமுக்கிப் பாதரசத்தை ஏற்றி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு மெல்ல இறக்கினேன். முதல் தட்டல் 156இல் கேட்டது. சத்தம் அடங்கியது 98இல்.

"என்னடி இப்படி முழிக்கிறே?" என்றாள் ஸ்பிரிங்.

"நூத்தி ஐம்பத்தாறு, தொண்ணூத்தெட்டு."

"யாருக்கு? லேப் மேடத்துக்கா?"

"உனக்குடி."

"போடி. நான் மூணு மாடி ஓடி வந்திருக்கேன். நீ பட்டையை லூசாக் கட்டியிருப்பே. இல்லேன்னா உன் காதுல ஏதாவது அடைச்சிருக்கும்."

"இன்னொரு தடவை பார்க்கட்டுமா? பத்து நிமிஷம் உட்காரணும்."

"உட்கார்ந்தா சாப்பாடு போச்சு. காலையிலயும் ஒண்ணும் சாப்பிடலை, பசி வயித்தைக் கிள்ளுது. போன வாரம் என்ன இருந்துச்சு? அதையே கொஞ்சம் மாத்திப் போடு."

எனக்கு என் காதின் மேலேயே நம்பிக்கை இல்லை. கருவியைத் தொட்டு மூன்றே வாரம் ஆன கற்றுக்குட்டி நான். இருபது வயதுப் பெண்ணுக்கு இவ்வளவுதான் இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்துக்கும் எனக்கும் வேறுபாடு வந்தால் தப்பு யார் பேரில் இருக்கும்? பென்சிலில் எழுதி வைத்திருந்த 156/98ஐ ரப்பரால் அழித்துவிட்டு அதன் மேல் பேனாவால் 118/76 என்று எழுதினேன். இரண்டு பேரும் கேன்டீனுக்கு ஓடினோம். அதற்கப்புறம் அவள் கையில் நான் பட்டை சுற்றவே இல்லை, என் கையில் அவளும் சுற்றவில்லை. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு எண்ணைக் கற்பனை செய்து எழுதிவிடுவோம். பிறகு அந்த ஆறு பேர் மாட்டினார்கள். பொய்ப் பதிவு எழுதினால் ஜோடியில் இருவருக்குமே ஓராண்டு தேர்வுத் தடை என்று ஆய்வுக்கூடக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். நாங்கள் எங்கள் எண்களை இன்னும் கவனமாக எழுதத் தொடங்கினோம்.

அவளுக்குத் தலைவலி வந்தது. யாருக்குத்தான் வரவில்லை? காலையில் முகம் உப்பியிருந்தது. தூங்காத மூஞ்சி என்று நானே கிண்டல் செய்தேன். ஷூ இறுக்குகிறது என்று கயிற்றைத் தளர்த்திக் கட்டினாள், அப்புறம் செருப்புக்கு மாறினாள். பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, வலி மாத்திரை அட்டை இருக்கும். எங்கள் விடுதியில் எந்த வியாதிக்கும் ஒரே பெயர்தான்: பரீட்சை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா போனில் முகம் பார்த்துப் பேசுவார். ஸ்பிரிங் தன் மேசையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தபடியே பேசிவிட்டு வருவாள். "எல்லாம் நார்மல்மா" என்பது மட்டும் என் காதில் விழும்.

பதினெட்டாவது திங்கட்கிழமை, காலை பதினொன்றுக்குள் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டும். எழுந்ததிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால்தான் என்று அவளே காரணமும் சொல்லிவிட்டாள். ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடியில். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் படியில் நின்று நான் அன்றுதான் பார்த்தேன்.

"வக்கீலு, படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடி."

"நீதான் எப்பவும் ரெண்டு ரெண்டாத்தானே ஏறுவே" என்று சொல்லிச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"ரெக்கார்டை நீ போய் முதல்ல குடுத்துடு. லேட்டானா வாங்க மாட்டாங்க" என்று தன் பதிவேட்டை என்னிடம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள் அது கீழே விழுந்தது. அவள் கண் மேலே போயிற்று. பக்கவாட்டில் சரிந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தலை படியில் மோதாமல் என் மடியில் தாங்கிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, மூன்று மாடியிலும் கதவுகள் திறந்தன.

ஒரு நிமிடத்தில் இழுப்பு நின்றது. கண் திறந்தாள், ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. லேப் மேடம் கருவியோடு ஓடி வந்தார். சரியாகப் பதினைந்து வாரத்துக்குப் பிறகு அவள் கையில் நான் பட்டையைச் சுற்றினேன். பாதரசத்தை 200க்கு ஏற்றினால் அங்கேயே சத்தம் கேட்டது. இன்னும் ஏற்றினேன்.

"இருநூத்தி இருபத்துநாலு மேடம். கீழ நூத்தி முப்பத்துநாலு."

"தள்ளு. உனக்குத் தப்பாக் கேட்டிருக்கும்" என்று அவரே ஸ்டெதஸ்கோப்பை வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தார். மெல்லக் கழற்றினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டார், அவ்வளவுதான்.

அவசரப் பிரிவு பல்கலைக்கழகத்துக்குப் பின்வாசலில், ஐந்து நிமிட தூரம். அங்கே இருந்த டாக்டர் இளைஞர். முந்தின நாள் காலையில் வந்தவர் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்பது அவர் சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. நாலைந்து பேர் சேர்ந்து அவளைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். மானிட்டரில் 226 என்று காட்டியது. டாக்டர் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தபடியே கேட்டார்.

"பிரஷர் ஏற்கெனவே இருந்துச்சா?"

லேப் மேடம் முன்னால் வந்தார். படியில் விழுந்ததை எடுத்து நான் கையில் வைத்திருந்த அவள் பதிவேட்டை வாங்கி அவரிடம் நீட்டினார். "இல்ல டாக்டர். எங்க துறையில வாராவாரம் பார்த்து எழுதுறோம். பதினெட்டு வாரத்துக்கு அளவு இருக்கு. இன்னிக்குத்தான் கடைசிப் பக்கம் எழுதியிருக்காங்க. எல்லாமே நார்மல்."

டாக்டர் வாங்கிப் புரட்டினார். அவர் முகம் தெளிந்தது. "இப்படி ஒரு நோட்டோட எந்தப் பேஷன்ட்டும் வந்ததில்ல. ரொம்ப உதவி" என்றார். "போன திங்கள் நூத்தி இருபத்துநாலு. அப்ப இது இந்த ஒரு வாரத்துல ஏறினதுதான். சிஸ்டர், மருந்து போடுங்க, சீக்கிரமா நூத்தி முப்பதுக்குக் கொண்டுவந்துடலாம்." பிறகு என்னிடம் திரும்பினார். "நீ ரூம்மேட்டா? இந்த வாரம் புதுசா என்ன சாப்பிட்டா? மெலியறதுக்கு மாத்திரையா? முழிச்சிருக்க ஏதாவது பவுடர், டானிக்? பயப்படாமச் சொல்லு."

அவர் சொன்ன 'சீக்கிரமா' என் காதில் மாட்டிக்கொண்டது. போன மாதம் நடந்த பாடம் அது. அழுத்தம் திடீரென்று ஏறியிருந்தால் விரைவாக இறக்கலாம். மாதக்கணக்கில் ஏறிக் கிடந்திருந்தால் மூளை அந்த அழுத்தத்துக்கே பழகிவிடும். அதை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் போதாமல் பக்கவாதம் வரலாம், பார்வை போகலாம். ஐந்து மதிப்பெண் கேள்வி. அதற்கு நான் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தேன்.

நர்ஸ் மருந்துக் குப்பியின் மூடியை உடைத்தார். ஊசியில் ஏற்றினார். டிரிப்ஸ் ஓட்டும் சின்ன இயந்திரத்தில் அதைப் பொருத்தினார்.

சொன்னால் எனக்கு ஒரு வருடம் போகும். அது போகட்டும். அவளுக்கும் போகுமே? விழுவதற்கு முன்னால்கூட அந்த நோட்டைத்தானே கையில் கொடுத்தாள்? என் சொல் தப்பாக இருந்தால்? மூன்றாவது வாரம் நான் கேட்டதே தப்பாக இருந்தால், நிஜமாகவே இது இந்த வாரம் வந்ததாக இருந்தால், மருந்தைத் தடுத்து நானே அவளைக் கொன்றவளாவேன். ஊருக்கெல்லாம் வாதாடுகிற வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. நர்ஸ் இயந்திரத்தில் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்த நோட்டு பொய்."

சின்னக் குரலில்தான் சொன்னேன். ஆனாலும் அவருக்குக் கேட்டது.

"என்னது?"

"அதுல இருக்கறது எதையும் நாங்க பார்க்கலை. நான் சும்மா எழுதினது. மருந்தை வேகமா ஏத்தாதீங்க."

"ஷாக்ல இருக்கா டாக்டர்" என்று லேப் மேடம் என் தோளைப் பிடித்தார். பிடி இறுகியது. "கண்ணெதிர்ல ஃபிட்ஸ் வந்ததைப் பார்த்திருக்கா, பாவம். பயத்துல உளர்றா. நீ வெளிய வாம்மா."

"நான் உளறலை!" என்று தோளை உதறினேன். இப்போது மொத்த வார்டுக்கும் கேட்டிருக்கும். "பதினஞ்சு வாரமா அவ கையைத் தொட்டதே இல்ல. இவங்க பார்க்காமலே கையெழுத்துப் போட்டாங்க. தலைவலி மூணு மாசமா இருக்கு டாக்டர். முகம் வீங்குது, ஷூ போட முடியலை. தினமும் வலி மாத்திரை போடறா."

டாக்டர் கையைத் தூக்கினார். நர்ஸின் விரல் இயந்திரத்தின் மேல் நின்றது.

"எல்லாமே பொய்யா? ஒரு தடவைகூட நிஜமாப் பார்க்கலையா?"

"மூணாவது வாரம் பார்த்தேன். நூத்தி ஐம்பத்தாறு, தொண்ணூத்தெட்டு."

"இதுல நூத்திப் பதினெட்டுன்னு இருக்கே."

"எனக்குத் தப்பாக் கேட்டிருக்கும்னு நினைச்சேன். பென்சில்ல எழுதியிருந்ததை அழிச்சிட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்வது உண்மையா, பயந்த பெண்ணின் கற்பனையா என்று அவருக்கும் முடிவு செய்ய நேரமில்லை. பதிவேட்டை எடுத்துக் கட்டிலுக்கு மேலிருந்த விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தார். எனக்கு எப்போதுமே பென்சிலை அழுத்தி எழுதும் பழக்கம், பள்ளிக்கூடத்தில் அதற்காகவே திட்டு வாங்கியிருக்கிறேன். பேனாவில் இருந்த 118க்கு அடியில் தாள் பள்ளமாக இருந்தது. ஐந்தின் தலைக்கோடும் ஆறின் வயிறும் தெரிந்தன.

"சிஸ்டர், நிறுத்துங்க" என்றார். "அளவைப் பாதியாக் குறைங்க. ஒரு மணி நேரத்துக்கு நூத்தி எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. கிட்னி டெஸ்டுக்கு ரத்தம் எடுங்க, ஸ்கேனுக்குச் சொல்லுங்க." பதிவேட்டை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட வராந்தாவில் லேப் மேடமும் நானும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். அவர்தான் முதலில் பேசினார்.

"நூத்திப் பத்து பேரு. நான் ஒருத்தி. ஒரு மணி நேரம். எத்தனை பேர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்க முடியும், நீயே சொல்லு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கோ கோபம்தான் வந்தது. "முடியலைன்னு எழுதிக் குடுத்திருக்கலாமே மேடம்?" என்றேன்.

"நீயும் சாப்பாட்டுக்கு நேரம் பத்தலைன்னு எழுதிக் குடுத்திருக்கலாம்" என்றார். இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மூன்று மணி வாக்கில் டாக்டர் வெளியே வந்தார். அழுத்தம் 172க்கு வந்திருக்கிறது, தன் பெயரைச் சொல்கிறாள், என்னைக் கேட்கிறாள் என்றார். எனக்கு அழுகை பீறிட்டது. அவர் அது அடங்கும்வரை காத்திருந்து மிச்சத்தைச் சொன்னார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிப்போயிருக்கின்றன. இது இன்று வந்த வியாதி இல்லை, வருடக்கணக்கில் இருந்திருக்கலாம். மருந்தில் எவ்வளவு காப்பாற்ற முடியும், டயாலிசிஸ் வேண்டியிருக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். நாலு மாதம் முன்னால் தெரிந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை துறைத்தலைவர் அறையில் எழுதிக் கொடுத்தேன். ஸ்பிரிங்கின் பெயர் வரும் இடத்தில் எல்லாம் என் பெயரையே போட்டேன். எண்களைக் கற்பனை செய்தது நான் மட்டும்தான் என்று. அதுவும் பொய்தான். என் பதிவேட்டில் எண்களை எழுதியது அவள். ஆனால் அந்த ஒரு பொய்க்காக நான் வெட்கப்படவில்லை. அவள் நிலைமையைப் பார்த்து ஜோடி விதியைத் தளர்த்தி, எனக்கு மட்டும் ஓராண்டுத் தடை என்று கடிதம் கொடுத்தார்கள். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன்.

அவள் அம்மா வந்திருந்தார். தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறார், சட்டைக் கைப்பகுதியில் வெட்டு நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பிரிங் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாள். அவளை அப்படிப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"நீதான் வக்கீலா?" என்று எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "டாக்டர் சொன்னார்ம்மா. நீ நேரத்துல ஏதோ விவரம் சொன்னதாலதான் எம்பொண்ணு மூளைக்கு ஒண்ணும் ஆகலையாம். நீ நல்லா இருக்கணும்."

என் கை அவர் கைக்குள் இருந்தது. என்ன விவரம் என்று டாக்டர் சொல்லவில்லை போலிருக்கிறது.

"உன் பேரை வாராவாரம் கேட்டுட்டே இருப்பேன்" என்றார். "மூஞ்சி வீங்கின மாதிரி இருக்கே, டாக்டரைப் போய்ப் பாருடின்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்வேன். இவ ஒரு நோட்டைக் காட்டுவா. வக்கீல் எனக்கு வாராவாரம் பிரஷர் பார்க்கிறாம்மா, பாரு, நார்மல்னு. நானும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் படிப்பேன். நூத்திப் பதினெட்டு, எழுபத்தாறு. கூட வேலை செய்யறவங்ககிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லிக்குவேன். இல்லேன்னா லீவு போட்டுட்டு எப்பவோ வந்து டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பேன்."

இவரிடம் சொல்ல வேண்டியதற்கு முன்னால் டாக்டரிடம் சொன்னது ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சும்மா இருந்துவிடலாம், அந்த அம்மாவுக்கு இதைத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று மனசு சொன்னது. ஸ்பிரிங் தலையணையிலிருந்து என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணை அசைத்தாள்.

"நீங்க படிச்சது பொய்ம்மா" என்றேன். "நான் பார்க்காம எழுதினது. ஒரு தடவை பார்த்தேன். அதிகமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்."

அவர் என் கையை விட்டார். கோபத்தில் விடவில்லை, பிடித்திருப்பதையே மறந்தவர் மாதிரி விட்டார். பின்னால் நகர்ந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஏன்?"

என்ன சொல்வது? புத்தகத்தை நம்பினேன், காதை நம்பவில்லை என்றா? "சாப்பிடப் போகணும்னு அவசரம்" என்றேன்.

"நான்தாம்மா எழுதச் சொன்னேன்" என்றாள் ஸ்பிரிங்.

"நீ பேசாதே." அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. கட்டில் பக்கத்து மேசையில் பிரஷர் கருவி இருந்தது. அதைக் காட்டினார். "பாரு" என்றார்.

"சிஸ்டர் வந்து பார்ப்பாங்கம்மா."

"அவங்க பார்க்கட்டும். நீயும் பாரு. என் எதிர்ல பாரு."

பட்டையைச் சுற்றினேன். நுனி ஒட்டாமல் நழுவியது. ஸ்பிரிங் மறுகையால் பட்டையின் நுனியைப் பிடித்துக்கொடுத்தாள். ஏற்றினேன். காதுக்குள் முதலில் என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது. அது அடங்கட்டும் என்று நின்று, மூச்சு விட்டு, மெல்ல இறக்கினேன். அன்றைக்குக் கேட்டதற்கு ஒரே ஒரு கோடு மேலே, தெளிவாக, முதல் தட்டல்.

"நூத்தி ஐம்பத்தெட்டு. கீழ தொண்ணூத்தெட்டு."

"அது நல்லதா, கெட்டதா?"

"இன்னிக்கு நல்லது. டாக்டர் இந்த அளவுலதான் நிக்கணும்னு சொல்லியிருக்கார்." அவரை நேராகப் பார்த்தேன். "மூணாவது வாரமும் கிட்டத்தட்ட இதேதான் இருந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் கேட்டுக்கொண்டார். "சரியாத்தான் பார்த்தியா?"

"இன்னொரு தடவை பார்க்கணும். பத்து நிமிஷம் விட்டு."

சாப்பாட்டு வண்டி வந்து வாசலில் நின்றது. கூட இருக்கிறவர்களுக்கும் உண்டு, எத்தனை தட்டு என்று தள்ளிக்கொண்டு வந்தவர் கேட்டார். அப்புறம் வாங்க என்று அம்மா அவரை அனுப்பிவிட்டு, நாற்காலியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். நான் உட்கார்ந்தேன். ஸ்பிரிங் கையை நீட்டியபடியே படுத்திருந்தாள். மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.